அவிழ்ந்த நூலின் நீளம்

இசாஃபியோர்துருக்குப் போகும் சாலை
செவ்வாய் மதியமே மூடிவிட்டது.
படகை இழுக்கும் வின்ச்சின் பற்சக்கரத்தில்
இருபத்துநாலில் இரண்டு பல் போயிருந்தது.
உடைந்த துண்டைக் கையுறையோடு
என் சாப்பாட்டு மேசைமேல் வைத்தான் ஹாஃப்லிதி.
"தகட்டில் வரைந்து கொடு, ஸ்டெய்ன்வோர்.
வெல்டு வைத்து அராவிக்கொள்கிறேன்."

பக்கத்துப் பல்லைப் பார்த்து நகலெடுக்கலாமே
என்று கேட்பீர்கள்.
முப்பது வருடம் உப்புத் தின்ற பற்கள்,
ஒன்றுபோல் ஒன்று இல்லை.

வீட்டில் அத்தனை பெரிய தாள் ஏது?
பழைய கடல் வரைபடத்தைக் கவிழ்த்துப் போட்டேன்.
கடல் அடியில் போனது.
வெள்ளை முதுகில்
நூற்றெண்பது குறுக்களவில் அடிவட்டம்,
வட்டத்தில் பன்னிரண்டு புள்ளி,
புள்ளிக்கு ஒரு தொடுகோடு.
முதல் கோட்டில் ஒரு பங்கு, அடுத்ததில் இரண்டு.
பன்னிரண்டாவதில் முழு வட்டமும்
வளைவதை விட்டுவிட்டு
நேராகப் படுத்திருக்க வேண்டும்.

டிவைடரை விரித்துப் படிப்படியாக நடத்தினேன்.
அங்கேதான் தப்பு.
டிவைடர் வில்லின் மேல் நடப்பதில்லை, நாணில் நடக்கிறது;
தெருவைச் சுற்றி வரச் சொன்னால்
வேலி தாண்டிக் குறுக்கே போகிற தபால்காரன்.
படிக்கு அரை மில்லிமீட்டர் மிச்சம் பிடித்தது.
பன்னிரண்டாம் படியில்
ஆறுக்கும் மேல் காணோம்.

எனக்கு இது புதிதில்லை.
ரெய்க்யாவிக்கில் தேர்வு எழுதிய அன்று
சைக்ளாய்ட் கேட்டார்கள்.
என் சக்கரம் உருண்டு போகிற வழியில்
தரைக்குக் கீழே ஒருமுறை போய்வந்தது.
சிவப்பு மையில்
"சுரங்கம்?" என்று மட்டும் எழுதியிருந்தது.

இரவு இரண்டு மணி. எல்லாவற்றையும் அழித்தேன்.
கொல்லைப்புறத்திலிருந்து ஐந்து லிட்டர் பெயிண்ட் டப்பா,
குறுக்களவு ஏறக்குறைய அதேதான்.
வலை தைக்கும் நூலை அதில் ஒரு சுற்றுச் சுற்றி
நுனியில் பென்சில் முடிந்து
இழுத்துப் பிடித்தபடி அவிழ்த்தேன்.
நூல் தளர்ந்தால் கோடு பொய் சொல்லும்.
எவ்வளவு நூல் காற்றில் இருக்கிறதோ
அவ்வளவு டப்பா வெறுமையாக இருந்தது,
கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

கை இதை ஒருமுறை பார்த்துவிட்டது.
பிறகு கணக்குப் போட உட்கார்ந்தேன்.
ஐந்நூற்று அறுபத்தைந்தரை,
பன்னிரண்டால் வகுத்தால் நாற்பத்தேழு சொச்சம்.
அளவுகோலால் குறித்தேன், இம்முறை நடக்கவில்லை.
புள்ளிகளைக் கோக்க எடுத்த ஃபிரெஞ்ச் கர்வில்
வால் உடைந்திருந்தது;
கடைசி மூன்று புள்ளிகள்
வெறுங்கையால் போனவை. உற்றுப் பார்த்தால் தெரியும்.

விடிந்து, அதாவது மணி எட்டாகி,
இருட்டிலேயே வந்தான் ஹாஃப்லிதி.
வட்டத்தை விட்டு எழுந்து
மேசை விளிம்பு வரை அகன்றுபோன கோட்டைப் பார்த்தான்.
"ஒரு ஆள் நீளம் இருக்கும் போல.
பல்லுக்கு எவ்வளவு வேண்டும்?"
நகத்தால் காட்டினேன்,
அடிவட்டத்திலிருந்து கிளம்பும் இடத்தில்
பதினைந்து மில்லிமீட்டர்.
"மீதி?"
"மீதி வரையாமல் எனக்குத் தூக்கம் வராது."
அவன் சிரிக்கவில்லை.
அந்தப் பதினைந்தைத் தகட்டுக்கு ஏற்றி
கத்தரித்து எடுத்துக்கொண்டு போனான்.

வியாழன் மாலை வின்ச் சுற்றியது.
பல்லோடு பல் உருண்டு விலகும்போது
இடிக்கிற சத்தம் இல்லை;
சமையல்காரி மட்டும்
என்ன இன்றைக்கு இத்தனை அமைதி என்றாளாம்.

வரைபடத்தை யாரோ பட்டறை ஜன்னலில்
கடல் பக்கம் தெரிய ஒட்டிவிட்டார்கள்.
பிப்ரவரியில் சூரியன் மலைமேல் ஏறிய நாள்
வெளிச்சம் பின்னாலிருந்து வந்து
என் கோட்டை, வலம் இடமாக,
தண்ணீரின் மேல் காட்டியது:
முனையைச் சுற்றி, இறால் பிடிக்கும் பள்ளத்தைத் தாண்டி
அகன்று அகன்று போகிற ஒரு வழி.

படகுத் தலைவன் கெட்டில்
விரலால் அதைத் தொடர்ந்துகொண்டே போனான்.
"எவன் ஓட்டினான் இப்படி? குடித்துவிட்டா?"

ஹாஃப்லிதி காபி ஊற்றிக்கொண்டிருந்தான்.
"முதல் பதினைந்து மில்லிமீட்டர் நான்.
மிச்சத்துக்கு அவளைக் கேள்."